பார்லி நோய் முதல் இன்சுலின் வரை: குதிரைக் குளம்பு நோய் ஒன்றின் பெயர் வரலாறு

(நீண்ட பதிவு. மருத்துவ வரலாறு, சொல்லாய்வு, தென்னிந்திய வரலாறு ஆகியவற்றைப் பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

பண்டைக் கிரேக்கக் குதிரை நூல்களில் 'கிரித்தியாசிஸ்' என்றொரு நோய்ப்பெயர் வருகிறது. 'கிரிதே' என்பது வாற்கோதுமை. இன்று நாம் பார்லி என்று வழங்கும் தானியம். ஆகவே அப்பெயரைப் 'பார்லி நோய்' என்றே தமிழாக்கலாம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் செனபோன் தம் குதிரையேற்ற நூலில் இச்சொல்லை விளக்கமின்றியே ஆள்கிறார். வாசகருக்கு அது பழகிய சொல்லாக இருந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து 2007ஆம் ஆண்டுக்கு வருவோம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நலமாயிருந்த மட்டக்குதிரைகளின் குருதியில் இன்சுலின் அளவை மட்டும் செயற்கையாக உயர்த்தினர். சர்க்கரை அளவை இயல்புநிலையிலேயே நிறுத்தி வைத்தனர். 72 மணி நேரத்துக்குள் அக்குதிரைகளுக்குக் கடுமையான குளம்பு நோய் கண்டது. தீவனத்துக்கும் குளம்புக்கும் இடையே ஒரு நாளமில்லாச் சுரப்பு நிற்கிறது என்பது அன்று ஐயமற உறுதியாயிற்று.

இவ்விரு காலங்களுக்கும் நடுவே இந்நோய் பல பெயர்களைப் பெற்றது. ஒவ்வொரு பெயரும் நோயை ஒவ்வோர் இடத்தில் குடியமர்த்தியது. குடியமர்த்திய இடத்திலேயே மருத்துவரும் தேடினர். இப்பதிவின் முதற்பகுதி அந்தப் பெயர்களைப் பற்றியது. இரண்டாம் பகுதி, 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டில் மாண்ட குதிரைகளைப் பற்றி நாம் திரும்பத் திரும்ப எழுதிவரும் ஒரு தீர்ப்பைப் பற்றியது. இரண்டையும் இணைப்பது ஒரே வினா: நோய்க்குக் காரணம் எங்கே இருக்கிறது என்று ஒரு சமூகம் எவ்வாறு முடிவு செய்கிறது?

1. நோய் எது?

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரல்மீது நிற்கும் விலங்கு. அவ்விரலின் கடைசி எலும்பு குளம்புக்குள் இருக்கிறது. அந்த எலும்பைக் குளம்பின் உட்சுவரோடு பிணைப்பவை மெல்லிய தகடுகள்; ஒரு குளம்பில் ஏறத்தாழ 550 முதல் 600 வரை. ஒவ்வொரு தகட்டிலும் நூற்றுக்கும் மேற்பட்ட துணைத் தகடுகள். எலும்பின் தகடுகளும் குளம்பின் தகடுகளும் இரு கைவிரல்கள் கோத்தாற்போல ஒன்றினுள் ஒன்று பொருந்தியிருக்கும். 500 கிலோ எடையுள்ள குதிரை நான்கு குளம்புகளில் உண்மையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் அது மிகையன்று.

இப்பிணைப்பு தளர்வதே நோய். தகடுகள் நீண்டு, நெகிழ்ந்து, கழன்றால், எலும்பு குளம்புக்குள் சுழலும். சில வேளை உள்ளங்குளம்பை நோக்கி அமிழும். வலி தாங்காத குதிரை முன்னங்கால்களை நீட்டி, எடை முழுவதையும் பின்னங்கால்களில் சாய்த்து நிற்கும். அந்த நிலையை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். 1973இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரடேரியட் 1989இல் இந்நோயினாலேயே கருணைக்கொலை செய்யப்பட்டது.

இந்நோய்க்கு வழிகள் மூன்று என இன்று வகுக்கின்றனர். முதலாவது, குடலிலிருந்து நச்சுப்பொருள்கள் குருதியில் கலப்பது. குதிரை தானியக் கிடங்கை உடைத்து வயிறு முட்டத் தின்றால் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று புளிக்கிறது, அமிலம் பெருகுகிறது, குடற்சுவர் சிதைகிறது. இரண்டாவது, ஒரு கால் முறிந்ததனால் மற்றொரு கால் நாள்கணக்கில் எடை தாங்குவது. மூன்றாவது, இன்சுலின் சமநிலைக் குலைவு. உடலின் திசுக்கள் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கின்றன. கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. குருதியில் இன்சுலின் மிகுகிறது. கால்நடை மருத்துவர் மருத்துவமனைகளில் காணும் குளம்பு நோயில் பெரும்பகுதி இம்மூன்றாம் வகையே என்பது அண்மைக்கால முடிபு.

2. பெயர்கள் எங்கே சுட்டுகின்றன?

அரிஸ்டாட்டிலின் விலங்கு வரலாற்றில் ஒரு நுட்பமான பாகுபாடு உண்டு. மேய்ச்சலில் உலவும் குதிரைகளுக்குக் கால்நோய் ஒன்றைத் தவிர வேறு நோய்கள் இல்லை. அந்நோயால் சில வேளை குளம்பே கழன்று விழும், பின்பு புதிது வளரும். லாயத்தில் கட்டி வளர்க்கப்படும் குதிரைகளுக்கோ நோய்கள் பல என்கிறார் அவர். பார்லி நோயை இவ்விரண்டாம் பட்டியலில் தனியாக வைக்கிறார். அதன் குறிகளாக மேலண்ணம் மென்மையாவதையும் மூச்சு சூடாவதையும் சொல்கிறார். குளம்பைப் பற்றி அங்கே பேச்சில்லை. மேய்ச்சல் குதிரையின் கால்நோய்க்கு அவர் வழங்கும் 'பொடாக்ரா' என்னும் சொல்லோ மனிதரின் பெருவிரல் வாதத்துக்கும் வழங்கிய சொல்.

பார்லியையும் காலையும் வெளிப்படையாக இணைத்தவர்கள் பிற்காலக் கிரேக்கக் குதிரை மருத்துவர்கள். கான்ஸ்டன்டைன் காலத்தவரான அப்சிர்ட்டஸ் போன்றோரின் எழுத்துகள் 'ஹிப்பியாட்ரிக்கா' என்னும் தொகுப்பில் எஞ்சியுள்ளன. பார்லியைத் தின்ற குதிரை உடல் விறைத்து நடக்க இயலாமற்போவது அங்கே பார்லி நோயின் அடையாளமாகிறது. பிற்கால இலத்தீன் நூல்கள் இச்சொல்லை அப்படியே பெயர்த்து 'ஹோர்தேயாத்தியோ' என்றன. இலத்தீனில் 'ஹோர்தேயும்' என்பது பார்லி.

இடைக்கால ஐரோப்பாவில் பார்லி மெல்ல மறைகிறது. 13ஆம் நூற்றாண்டில், பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் அவையைச் சார்ந்த ஜோர்டானஸ் ரூபஸ் இந்நோயைக் குறிக்க, 'உள்ளே ஊற்றப்படுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரை ஆள்கிறார். உடலின் கெட்ட நீர்மங்கள் இறங்கிக் கால்களில் ஊற்றப்படுகின்றன என்பது கருத்து. பிரெஞ்சு மொழியின் 'ஃபூர்பூர்' என்னும் சொல் 'அளவு மீறிக் குடித்தல்' எனப் பொருள்படும் பழைய வினையிலிருந்து வந்தது. உழைத்துச் சூடேறிய குதிரைக்குத் தண்ணீர் காட்டியதே காரணம் என்ற நம்பிக்கை அதில் உறைந்திருக்கிறது. ஜெர்மன் மொழியின் 'ரேயே' விறைப்பைச் சுட்டும் சொல். ஆங்கிலத்தின் 'ஃபவுண்டர்' அடியில் அமிழ்தலைச் சுட்டுகிறது. இலத்தீனில் 'அடிப்பகுதி' என்னும் பொருளுடைய 'ஃபுந்துஸ்' அதன் வேர். மூழ்கும் கப்பலுக்கும் இதே சொல்தான்.

தீவனம், தண்ணீர், உடலின் நீர்மம், விறைப்பு, அமிழ்தல் என ஐந்து பெயர்கள் ஐந்து இடங்களைச் சுட்டுகின்றன. முதல் மூன்றும் காரணத்தைக் கூற முயல்பவை. கடைசி இரண்டும் கண்ணுக்குத் தெரிவதைக் கூறுபவை.

3. ஒரு விகுதியின் வினை

1762இல் லியோனிலும் 1791இல் லண்டனிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் தொடங்கின. குதிரை மருத்துவம் லாடக்காரரின் பட்டறையிலிருந்து அறுவை மேசைக்கு இடம்பெயர்ந்தது. குளம்பை அறுத்துப் பார்த்தவர்கள் தகடுகளைக் கண்டனர். 19ஆம் நூற்றாண்டில் 'லேமினைட்டிஸ்' என்னும் பெயர் நிலைபெற்றது.

'லாமினா' என்னும் இலத்தீன் பெயரோடு 'இட்டிஸ்' என்னும் கிரேக்க விகுதி கூடிய கலப்புச் சொல் இது. அவ்விகுதி கிரேக்கத்தில் அழற்சியைக் குறிக்கவில்லை. 'நோசோஸ்', அதாவது நோய், என்னும் பெண்பாற் பெயருக்கு அடையாக வந்து 'இன்னதைச் சார்ந்த' என்று மட்டுமே பொருள் தந்தது. 'ஆர்த்ரைட்டிஸ்' என்றால் மூட்டைச் சார்ந்த நோய், அவ்வளவே. பிற்கால ஐரோப்பிய மருத்துவம் அதற்கு 'அழற்சி' என்னும் குறுகிய பொருளைக் கொடுத்தது. ஆகவே 'லேமினைட்டிஸ்' என்று பெயரிட்டவுடனேயே இரண்டு செய்திகள் அறுதியிடப்பட்டுவிட்டன: நோய் இருக்குமிடம் குளம்பின் தகடு; நோயின் இயல்பு அழற்சி.

முதற்செய்தி உண்மை. இரண்டாவது, நோயின் ஒரு வகைக்கு மட்டுமே நன்கு பொருந்துகிறது. குடல் நச்சினால் வரும் வகையில் அழற்சி தெளிவாகத் தெரிகிறது. இன்சுலினால் வரும் வகையிலோ தொடக்கத்தில் முதன்மையாகக் காணப்படுவது தகடுகளின் நீட்சி. அழற்சி மிகக் குறைவு. ஆயினும் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் மருத்துவர் அழற்சியைத் தேடினர், அழற்சிக்கு மருந்து கொடுத்தனர். சொல் ஆய்வை வழிநடத்தியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எளிதில் கிட்டாது.

இது ஆய்வாளர்களின் அறியாமை என்று கொள்ளலாகாது. 1948இல் சுவீடனின் நில்ஸ் ஓபெல் இந்நோயின் நொண்டலை நான்கு படிகளாகப் பகுத்தார். அப்பகுப்பு இன்றும் வழக்கில் உள்ளது. 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மாவுச்சத்துக் கூழைக் குழாய்வழி வயிற்றில் செலுத்தி நோயைத் தோற்றுவித்தனர். ஒருவகையில் கிரேக்கரின் பார்லியை ஆய்வுக்கூடத்தில் மீட்டுருவாக்கினர் எனலாம். ஆனால் அந்த ஆய்வுமுறை குடல் நச்சு வழியை மட்டுமே காட்ட வல்லது. வயிறு முட்டத் தின்னாத, வெறும் புல்வெளியில் மேய்ந்த, கழுத்தின் மேற்புறம் கொழுப்பு திரண்ட மட்டக்குதிரைக்கு ஏன் குளம்பு கழல்கிறது என்பதற்கு அது விடை தரவில்லை. அரிஸ்டாட்டில் மேய்ச்சல் குதிரைக்கென்று தனியே ஒதுக்கிய அந்தக் கால்நோய் இங்கே நினைவுக்கு வராமல் போகாது.

4. இனிக்காத சிறுநீர்

மனிதரின் நீரிழிவுக்கு இந்திய மருத்துவம் 'மதுமேகம்' என்று பெயர் சூட்டியது. ஐரோப்பியர் தேனை நினைவூட்டும் 'மெல்லிட்டஸ்' என்னும் அடையைச் சேர்த்தனர். இரண்டும் சிறுநீரின் இனிமையைச் சுட்டுபவை. நோய் தன்னைத்தானே அறிவித்துக்கொண்டது, பெயர் அமைந்தது. குதிரையின் நிலை வேறு. அதன் கணையம் பெரும்பாலும் சோர்வதில்லை. திசுக்கள் மறுக்க மறுக்கச் சுரந்துகொண்டே இருப்பதால் சர்க்கரை அளவு பல வேளை இயல்பாகவே நிற்கிறது, சிறுநீர் இனிப்பதில்லை. மனிதருக்கு உள்ளதுபோன்ற முழு நீரிழிவாக அது முதிர்வது அரிது. ஆகவே கண்ணுக்கும் நாவுக்கும் எட்டாத இந்நோய்க்குப் பெயரே இல்லாமற்போயிற்று.

1921இல் டொரண்டோவில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோரின் ஆய்வில் இன்சுலின் கண்டறியப்பட்டது. ஆனால் குருதியில் அது எவ்வளவு ஓடுகிறது என்று அளக்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கிய கதிரியக்க எதிர்ப்புரத அளவீடு அதனை இயலச் செய்தது. யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். அக்கருவி குதிரை லாயத்தை அடைந்தபின் செய்திகள் விரைந்து வந்தன. 1983இல் காஃப்மன், கோல்ஸ் ஆகியோர், குளம்பு நோய் கண்ட மட்டக்குதிரைகள் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை என்று காட்டினர். 1986இல் ஜெஃப்காட்டும் அவர்தம் குழுவினரும் மட்டக்குதிரைகளையும் ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரைகளையும் ஒப்பிட்டு, கொழுத்த மட்டக்குதிரைகளிடமும் நோய் கண்டவற்றிடமும் இணக்கமின்மை மிகுதி என்று நிறுவினர்.

1988இல் ஜெரால்டு ரீவன் மனிதரிடம் இன்சுலின் எதிர்ப்பு, குருதியழுத்தம், கொழுப்புக் கோளாறு ஆகியவை ஒன்றாக வருவதைச் சுட்டி அதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார். அம்மாதிரியைப் பின்பற்றி 2002இல் பிலிப் ஜான்சன் குதிரைக்கும் 'வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி' என்னும் பெயரை முன்மொழிந்தார். பெயர் கிடைத்தவுடன் ஆய்வுகள் பெருகின. தொடக்கத்தில் கூறிய 2007ஆம் ஆண்டுச் சோதனைக்குப்பின், 2010இல் ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரைகளிலும் இரண்டு நாள்களுக்குள் அதே முடிவு கிடைத்தது. அச்சோதனைகளில் நலமான விலங்குகள் நோயுறச் செய்யப்பட்டு, பின்னர் உயிர்நீக்கப்பட்டன என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2019இல் ஐரோப்பியக் குதிரை மருத்துவ வல்லுநர் குழுவின் கூட்டறிக்கை, இன்சுலின் சமநிலைக் குலைவையே இக்கூட்டறிகுறியின் மையமாக வைத்தது. உடல் பருமன் பொதுவான துணைக்குறி. ஆனால் மெலிந்த குதிரைக்கும் இந்நோய் வரலாம் என்றது.

இவ்வாறு நோயின் இருப்பிடம் குளம்பிலிருந்து மீண்டும் தீவனத்தை நோக்கித் திரும்பியது. ஆனால் கிரேக்கர் விட்ட இடத்துக்கே அது திரும்பவில்லை. பார்லி ஒரு காரணம். அதைத் தின்னும் உடலின் மரபு இன்னொன்று. அவ்வுடல் உழைக்கிறதா, கட்டிக்கிடக்கிறதா என்பது மூன்றாவது. வறண்ட மேட்டுநிலங்களில் கொஞ்சம் புல்லைக்கொண்டு குளிர்காலத்தைக் கடத்தப் பழகிய மட்டக்குதிரை இனங்களும் கழுதைகளும் இந்நோய்க்கு எளிதில் ஆட்படுகின்றன. பஞ்சத்தில் காத்த உடலமைப்பு செழிப்பில் நோயாகலாம் என்று 1962இல் ஜேம்ஸ் நீல் மனித நீரிழிவைப் பற்றி முன்வைத்த கருதுகோளைக் குதிரை ஆய்வாளரும் எடுத்தாள்வது இதனால்தான்.

5. மாபாரின் குதிரைகள்

இனிப் பாண்டிய நாடு. அரபு, பாரசீக நூல்களில் அது 'மாபார்' எனப்படுகிறது. கடல்வழி வந்த குதிரைகளைத் தமிழ் இலக்கியம் சங்ககாலந்தொட்டே அறியும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத் துறையில் அவை இறங்கியதைச் சொல்கிறது. சோழர் கல்வெட்டுகளில் 'குதிரைச் செட்டி' வருகிறார். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருள் கோயிலாகவும், நரிகள் பரிகளாகவும், பரிகள் மீண்டும் நரிகளாகவும் மாறிய மாணிக்கவாசகர் கதை அறியாதார் இலர்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபாரைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவும், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் குதிரை இறக்குமதியை விரிவாகக் கூறுகின்றனர். வஸ்ஸாஃபின் கணக்கில், பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். ஆக 22 லட்சம் தினார். மார்க்கோ போலோ, அரசனும் அவன் உடன்பிறந்தாரும் ஆளுக்கு ஈராயிரத்துக்கு மேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். லாடக்காரர் இல்லை, வணிகர் அவர்களை வரவிடுவதும் இல்லை. குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுக்கிறார்கள். நல்ல பெண்குதிரைக்கும் நல்ல பொலிகுதிரைக்கும் பிறக்கும் குட்டிகூடக் கால் கோணிப் பயனற்றுப்போகிறது என்பவை அவர் கூறும் செய்திகள்.

வஸ்ஸாஃபின் குறிப்பு இன்னும் நுணுக்கமானது. பச்சை பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லியையும் வெண்ணெய் சேர்த்த தானியத்தையும் கொடுக்கின்றனர். குடிக்கக் காய்ச்சிய பசும்பால். கொழுக்க வேண்டும் என்பதற்காக நாற்பது நாள் கயிறும் முளையும் கொண்டு லாயத்தில் கட்டிவைக்கின்றனர். அதன்பின் பயிற்சி எதுவும் தராமல், அங்கவடிகூட இல்லாமல், வெறிகொண்டாற்போல ஏறி ஓட்டுகின்றனர். சில நாள்களில் வலிய குதிரைகள் தளர்ந்து உதவாமற்போகின்றன.

இவ்விரு குறிப்புகளும் ஆங்கில வாசகர் கைக்குப் பரவலாக எட்டியது ஒரே ஆண்டில். ஹென்றி யூலின் மார்க்கோ போலோ பதிப்பு 1871. வஸ்ஸாஃபின் பகுதிகள் அடங்கிய எலியட், டௌசன் தொகுப்பின் மூன்றாம் தொகுதியும் 1871. பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் 1939இல் வெளியிட்ட அயல்நாட்டார் குறிப்புகளின் தொகுப்பில் இவை இடம்பெற்றன. அங்கிருந்து பாடநூல்களுக்கும் கட்டுரைகளுக்கும் ஒரு சுருக்கம் சென்றது: தென்னாட்டாருக்குக் குதிரை வளர்க்கத் தெரியவில்லை. நோயின் இருப்பிடம் இங்கே மக்களின் அறியாமையாகிவிட்டது.

6. பட்டியலின் மறுபாதி

சோறும் இறைச்சியும் நெய்யும் அறியாமையின் அடையாளங்கள்தாமா? கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இரண்டாம் அதிகரணத்தில் குதிரைக் கண்காணிப்பாளனுக்குரிய இயலைப் பாருங்கள். உயர்வகைக் குதிரையின் அன்றாடப் படியில் நெல், யவம் முதலிய தானியம் அரைவேக்காட்டில் வருகிறது. கொழுப்பு, உப்பு, இறைச்சி, சர்க்கரை வருகின்றன. பருகப் பாலோ மதுவோ வருகிறது. யவம் என்பது அதே பார்லி. மார்க்கோ போலோ வியந்ததும் வஸ்ஸாஃப் இகழ்ந்ததும் ஏறத்தாழ முழுமையாக இங்கே விதியாக நிற்கின்றன. மூன்று நூற்றாண்டுகள் கழித்து அபுல் ஃபசலின் அயினி அக்பரியும் அக்பரின் உயர்தரக் குதிரைகளுக்குத் தானியத்தோடு நெய்யும் சர்க்கரையும் படியளந்ததைக் கூறுகிறது. குதிரையை நன்கு அறிந்தது எனப் பெயர்பெற்ற முகலாய லாயத்தை யாரும் அறியாமை என்று சொல்வதில்லை.

யூலும் எலியட்டும் இந்த ஒப்பீட்டைச் செய்திருக்க இயலாது. அர்த்தசாத்திரச் சுவடியைத் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ஒரு பண்டிதர் மைசூர் நூலகத்துக்கு அளித்தார், 1905இல் சாம சாஸ்திரி அதனை அடையாளங்கண்டார், 1909இல் பதிப்பித்தார். அதன்பின் வந்தவர்களுக்கு அந்த விலக்கு இல்லை.

அர்த்தசாத்திரத்தின் அதே இயலில் தீனிப் பட்டியலை அடுத்து வருவது பயிற்சிப் பட்டியல்: போர்க்குதிரைக்குரிய நடைகள், தாவல்கள், வண்டிக் குதிரை ஒருநாளில் கடக்கவேண்டிய தொலைவு. உணவும் உழைப்பும் ஒரே கணக்கின் இருபக்கங்களாக எழுதப்பட்டிருக்கின்றன. வஸ்ஸாஃப் காட்டும் படத்தில் இருப்பது முதற்பக்கம் மட்டும்: நாற்பது நாள் தீனி, நாற்பது நாள் கட்டு, பயிற்சி இல்லை. இன்றைய ஆய்வுகளின்படி, உடலுழைப்பு இன்சுலினுக்கான இணக்கத்தைக் கூட்டுகிறது. அசையாமல் கட்டிவைத்து மாவுச்சத்தும் கொழுப்பும் ஊட்டினால் இணக்கம் குறைகிறது. ஆகவே வஸ்ஸாஃபின் குறிப்பு ஓரளவேனும் மெய்யெனில், சிக்கல் உணவுப் பண்பாட்டில் இல்லை; கணக்கின் மறுபாதி கிழிந்துபோன இடத்தில் இருக்கிறது. அது கிழிந்ததற்குக் காரணம் வணிகமாகவும் இருக்கலாம். பொன் கொடுத்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவிக்கும் அரசுக்குக் குதிரைகளோடு போதிய பயிற்றுநரும் வந்தாக வேண்டும். வராமல் தடுத்தவர் வணிகரே என்று மார்க்கோ போலோவே சொல்கிறார். ஆனால் நாம் மேற்கோள் காட்டும்போது அந்த வரியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

7. எது சொல்லத்தகும், எது தகாது?

இவ்விடத்தில் ஓர் ஆசை எழும்: பாண்டியரின் குதிரைகள் இன்சுலின் எதிர்ப்பினால் மாண்டன என்று எழுதிவிடலாமே! 2017இல் அராபியக் குதிரைகளில் நடந்த மரபணு ஆய்வு ஒன்று, இவ்வளர்சிதைமாற்றக் கோளாற்றோடு தொடர்புடைய ஓர் இடத்தை அவற்றின் மரபணுத் தொகுதியில் கண்டது. வளைகுடாவிலிருந்து வந்த குதிரை, வறுத்த பார்லி, வெண்ணெய், நாற்பது நாள் கட்டு: தலைப்புச் செய்திக்கு வேண்டிய எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன.

அப்படி எழுதலாகாது என்பதற்குக் காரணங்கள் உள்ளன. இன்று பதிவேடுகளால் வரையறுக்கப்பட்ட அராபிய இனமும், 13ஆம் நூற்றாண்டில் வளைகுடாத் துறைகளில் ஏற்றப்பட்ட பலவகைக் குதிரைகளும் ஒன்றெனக் கொள்ள இயலாது. குதிரையைக் கொல்லப் பிற நோய்களும் இங்கே உண்டு. 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்த 'சுர்ரா' ஒட்டுண்ணி நோய் கடிக்கும் ஈக்களால் பரவிக் குதிரைகளை மெலிவித்துக் கொல்வது. தானியம் மிகுந்து சுண்ணாம்புச்சத்து குறைந்தால் எலும்புகள் நலிந்து கால்கள் கோணும்; மார்க்கோ போலோவின் கோணற்காற் குட்டிக்கு அது இன்னொரு விளக்கம். கடற்பயணம், வெப்பம், போர் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலும் வஸ்ஸாஃப் குளம்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தளர்ச்சியை மட்டுமே சொல்கிறார்.

'கிரித்தியாசிஸ்' என்னும் சொல்லுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். செனபோனின் பார்லி நோய், அரிஸ்டாட்டிலின் பார்லி நோய், அப்சிர்ட்டஸின் பார்லி நோய் மூன்றும் ஒரே சொல். ஒரே நோய் என்று கொள்ளச் சான்று போதாது. சொல் தொடர்ந்து வாழ்வதனாலேயே பொருளும் தொடர்கிறது என்று கொள்ளும் பிழையை, 'இட்டிஸ்' என்னும் சிறு விகுதியின் கதையே நமக்குக் கற்பிக்கிறது.

அப்படியானால் எதைச் சொல்லலாம்? மாண்ட குதிரையின் உடல் நம்மிடம் இல்லை; ஆனால் அதற்கு இடப்பட்ட தீனி எழுத்தில் இருக்கிறது. தீனியின் வரலாற்றை எழுதலாம். எந்தத் தானியம், எந்தப் பக்குவம், எவ்வளவு, எத்தனை நாள் கட்டு, எவ்வளவு ஓட்டம் என்பவற்றை நூல்தோறும் அட்டவணையிட்டு ஒப்பிடலாம். அவ்வாறு ஒப்பிடும்போது, 'தெரியாதவர்கள்' என்னும் ஒற்றைச் சொல் தாங்கிக்கொண்டிருந்த சுமை பல காரணங்களுக்குப் பிரிந்துபோவதைக் காணலாம்.

இது குதிரையோடு முடியும் செய்தியன்று. இன்று நீரிழிவு கண்ட மனிதரைப் பார்த்து 'வாயைக் கட்டவில்லை' என்று சொல்வதும் நோயின் இருப்பிடத்தை ஒருவரின் குணத்தில் வைப்பதே. கொள்ளென்றால் வாய் திறந்து, கடிவாளமென்றால் வாய் மூடும் குதிரையைப் பற்றிய நம் பழமொழியும் குதிரையின் குணத்தையே குறை சொல்கிறது. கொள்ளை அளந்து வைத்தவர் யார், எத்தனை நாள் கட்டிவைத்தார் என்று அது கேட்பதில்லை. வரலாற்று மாணவர் கேட்க வேண்டும்.

தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் ஓவியங்களுடன் பதிப்பித்த நகுலரின் அசுவ சாத்திரமும், ஜயதத்தரின் அசுவ வைத்தியகமும் அச்சில் உள்ளன. தமிழில் குதிரை வாகடச் சுவடிகளும் உண்டு. மொழியியல் பயின்றவர் நோய்ப்பெயர்களையும், கால்நடை மருத்துவம் பயின்றவர் குறிகளையும், வரலாறு பயின்றவர் தீனிப் பட்டியல்களையும் எடுத்துக்கொண்டு சேர்ந்து வாசித்தால், ஒரு நல்ல ஆய்வுத்திட்டத்துக்கு அதில் இடமிருக்கிறது. ஆர்வமுள்ள மாணவர்கள் எழுதுங்கள். சொற்பட்டியலைத் தொகுக்கும் பணியை நான் ஏற்கிறேன்.